கொடுவா பிடித்த கை

அன்பு மகனே,

மன்னார் வளைகுடாவின் முடிசூடாச் சக்கரவர்த்தியும், கொடுவா மீன் குலத்துக்கே எமனும், தூத்துக்குடியில் நாற்பது வருஷம் கருப்பட்டி நிறுத்தே ஒரு தோள் இறங்கிப்போனவனுமாகிய உன் சித்தப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆஸ்திரேலியாவிலிருந்து போனில் பேசிவிட்டு வைத்த பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்று வேளையும் நன்றாகத்தான் சாப்பிட்டேன், உன் சித்தி சாட்சி, ஆனால் இறங்கவில்லை. அந்த ஊர்க் கடற்கழியில் நம்ம கொடுவாவுக்கு வாயில் நுழையாத ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், நீயும் ரீல் வைத்த கம்பு ஒன்று வாங்கி ஆறு வாரமாக நிற்கிறாய், ஒன்றுகூடச் சிக்கவில்லை, உன் மகளே உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றாய். அதுவரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு குரலைத் தணித்து ஒன்று சொன்னாய்: "எங்கப்பா ஒருநாளாவது என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா இந்த நெலம வந்திருக்குமா சித்தப்பா? அந்த மனுசனுக்குக் கடையை விட்டா என்ன தெரியும்?" நான் சட்டென்று அங்கே மழை உண்டா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். போனில் என் வாய்க்குப் பொய் தானாக ஊறும். பேனா பிடித்தால் விரல் வலிக்கிறது. வலியோடு பொய் எழுத இந்த வயதில் தெம்பில்லை. அதனால்தான் கடிதம்.

முதலில் மீனுக்கு வருகிறேன். நீ கேட்டதும் அதைத்தானே. கொடுவா ஒரு சோம்பேறி ஜமீன்தார். இரையைத் தேடி அலையாது. இரை தன் வீட்டு வாசலைக் கடந்து போகும் இடமாகப் பார்த்துப் படுத்திருக்கும். அதனால் நடுக்கழியில் வீசி வீசிக் கையை ஒடித்துக்கொள்ளாதே. உப்பங்கழி கடலோடு சேரும் வாயைப் பார். நீர் வற்றும் நேரத்தில் உள்ளே இருக்கும் பொடி மீனும் இறாலும் தண்ணீரோடு வெளியே வந்துதான் ஆகவேண்டும். அந்த வாயில் ஒரு பாறையோ, பழைய கட்டையோ இருந்தால் அதன் நிழலில் ஜமீன்தார் இருப்பார். எங்கள் காலத்தில் புதுத் துறைமுகத்துக்காகக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி லாரியாகக் கல் விழுந்த சத்தத்தில் முயல் தீவில் இருந்த முயலெல்லாம் செவிடாகிவிட்டது என்று நான் சொல்லி நீ சின்னப்பிள்ளையில் நம்பியிருக்கிறாய். முயல் கதை பொய். ஆனால் அந்தக் கல்லிடுக்குகளில் கொடுவா வந்து குடியேறியது நிஜம்.

அடுத்தது இரை. செத்த இறாலைக் கோத்துப் போட்டால் நண்டுதான் தின்னும். உயிரோடு இருக்கும் மடவை மீன் குஞ்சு வேண்டும். தூண்டில் முள்ளை அதன் முதுகுச் செதிளுக்குக் கீழே மேலோட்டமாகக் கோக்கவேண்டும், நீந்தத் தோதாக. பிறகு, நீ எந்தத் தூண்டில் நரம்பு கட்டியிருந்தாலும் சரி, முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு முழத்துக்குக் கம்பி கட்டு. கொடுவாவின் செவுள் மூடி சவரக் கத்தி. தலையை இப்படி ஒரு ஆட்டு, அப்படி ஒரு ஆட்டு. தங்கூசி நரம்பு நூல்போல அறுந்துவிடும். நாங்கள் சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஒரு இழையைப் பிரித்துக் கட்டுவோம். எங்களுக்குக் கம்பும் கிடையாது, ரீலும் கிடையாது. ஒரு கட்டையில் நரம்பைச் சுற்றி, வெறுங்கையால் விட்டுப் பிடிப்பதுதான். விரல் அறுந்துவிடாமல் இருக்க சைக்கிள் ட்யூபை மோதிரம்போல வெட்டி மாட்டிக்கொள்வோம். இந்த ட்யூப் மோதிரத்தை மறந்துவிடாதே. கதை அதில்தான் வந்து நிற்கப்போகிறது.

கதை உனக்குத் தெரியும். உன் காதுகுத்தில் சொன்னேன், உன் அக்கா சடங்கில் சொன்னேன், உன் கல்யாணப் பந்தியில் மைக்கைப் பிடுங்கியே சொன்னேன். எழுபதுகளில், உன் அத்தை கல்யாணத்துக்கு மறுவீட்டு விருந்துக்காக உன் சித்தப்பா தன்னந்தனியாக ஆளுயரக் கொடுவா பிடித்துவந்த கதை. காதுகுத்தின்போது அந்த மீன் நாலு முழம். நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஆறு முழம். உன் கல்யாணத்தில் அது என் வத்தைப் படகை இலங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டு போக, நான் கொழும்பு விளக்குகளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். பந்தியே சிரித்தது. உன் அப்பா மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது சுருக்காத, நீட்டாத கதையைக் கேள்.

உன் அத்தைக்கு நிச்சயம் பேச சாத்தான்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். "எங்க ஊருல மறுவீடுன்னா மூணு கிடா விழும். நீங்க என்ன போடுவீக? கத்தரிக்கா கூட்டா?" என்றார். உன் அப்பா "உங்க மனசு நெறையச் செஞ்சிருவோம் அண்ணாச்சி" என்று தன்மையாகத்தான் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. எழுந்து நின்று, "கொடுவா போடுவோம்! மாப்பிள்ளை தோளுக்கு வார கொடுவா. கடையில வாங்குனதில்ல, என் கையால பிடிச்சது!" என்றேன்.

"உம்ம கையாலயா? கருப்பட்டி நிறுக்குத கையாலயாவே?"

"ஆமா, இதே கையால. வரலன்னா மீசைய எடுத்துருதேன்."

"உம்ம மீசைய வச்சு நாங்க என்ன செய்ய? வேண்டாம்வே. மீன் வரலன்னா உம்ம தங்கச்சிய எங்க ஊருல கொடுவாக்காரின்னு கூப்பிட்டுக்கிடுதோம். என்ன, சரிதான?"

வீடே சிரித்தது. விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அந்த ஊரில் ஒருத்திக்குப் பட்டப்பேர் விழுந்தால் அது பேரன் பேத்தி காலம்வரை கூடவே வரும் என்று உன் அத்தைக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்கு வண்டி ஏறும்போது என் தோளில் முகம் புதைத்து அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். பார்த்தவர்கள் எல்லாம் அண்ணன் தங்கச்சிப் பாசம் என்று கண்ணைத் துடைத்தார்கள். அவள் என் காதில் சொன்னது இதுதான்: "சின்னண்ணே, நாசமாப்போறவனே, கொடுவா எங்கலே?"

கொடுவா எங்கே? அதற்கு முந்தின இரண்டு வாரத்தில் மூன்று சாயங்காலம் நான் போய்ப் பார்த்தாயிற்று. முதல் நாள் செத்த இறால், நண்டு தின்றது. இரண்டாம் நாள் கம்பி கட்டவில்லை, அறுத்துக்கொண்டு போயிற்று. மூன்றாம் நாள் சிக்கியதை அவசரப்பட்டு இழுத்தேன். மேலே தாவித் தலையை உதறி முள்ளைத் துப்பிவிட்டுப் போயிற்று. மேலே உனக்கு எழுதின பாடங்கள் எனக்கு இப்படித்தான் வந்தன என்று நினைக்காதே. ஒவ்வொரு நாளும் நான் திரும்பி வந்து கடையில் புலம்ப, தராசைப் பார்த்தபடியே ஒருவர் சொல்வார்: "மடவை போடுலே." அடுத்த தடவை, "கம்பி கட்டுனியா?" அதற்கும் அடுத்த தடவை, "தாவும்போது ஏம்லே இழுத்த?"

ஆமாம், உன் அப்பாதான். உனக்குத் தெரியாது. எங்கள் அய்யா, உன் தாத்தா, இறந்து பத்தொன்பது வயதில் கடையில் உட்காரும்வரை உன் அப்பா சாயங்காலமானால் பழைய துறைமுகத்தில்தான் கிடப்பார். பரதவர் வீட்டுப் பிள்ளைகளே அவரிடம் வந்து இன்றைக்கு நீர் எப்போது திரும்பும் என்று கேட்பார்கள். இதில் நான் ஒரு சொட்டுக்கூடத் தண்ணீர் சேர்க்கவில்லை. எனக்கு முதன்முதலில் முள் கட்டிக் கொடுத்தவர் அவர். கடை வந்தது, தூண்டிலை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

அப்படியானால் அவரையே ஏன் கூட்டிப்போகவில்லை என்று கேட்பாய். அங்கேதான் நீ வருகிறாய். உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் பிள்ளை இல்லை. உன் அக்கா, என் மதினியின், அதாவது உன் அம்மாவின், தங்கை மகள், நீ பிறந்த பிறகுதான் நம்ம வீட்டோடு வந்து வளர்ந்தாள் என்பது உனக்குத் தெரியும். மதினி நேர்ந்துகொண்டபடி அந்தத் தை மாதம் உன் அப்பா மாலை போட்டிருந்தார். நாற்பத்தெட்டு நாள் மீன், கறி கிடையாது, ஒரு உயிரைக் கொல்லக்கூடாது; மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு நடக்கவேண்டும். மதினி அந்த நாற்பத்தெட்டு நாளும் வீட்டில் எறும்பைக்கூட விசிறிவிட்டுத்தான் நடந்தாள். தங்கச்சி கல்யாணத்தில் அண்ணன் மாலையும் கழுத்துமாகத்தான் தாரைவார்த்துக் கொடுத்தார்.

மறுவீட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் நான் சூசையிடம் இரவல் வாங்கிய வத்தையில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். சூசை நம் கடையில் கருப்பட்டி வாங்குகிறவன்; அவனுக்கு அன்று கோயிலில் வேலை. தனியாகத் துடுப்பும் போட்டு மீனும் பிடிக்க எனக்குக் கை நாலு வேண்டும். அப்போது கரையில் அண்ணன் வந்து நிற்கிறார்.

"நவுந்து உக்காருலே. நான் துடுப்பு மட்டும் போடுதேன்."

"அண்ணே, மாலை?"

"துடுப்பு போடக்கூடாதுன்னு எவனும் சொல்லல. வாய மூடிட்டு உக்காரு."

நீர் வற்றத் தொடங்கியிருந்தது. கழி வாயில், கல் குவியலுக்கு இருபது பாகத் தூரம் தள்ளி வத்தையை நிறுத்தினார். நான் மடவை போட்டேன். ஒரு மணி நேரம் போயிற்று. வெயில் சாய்ந்தது. திடீரென்று தண்ணீருக்குள் யாரோ குடத்தைக் கவிழ்த்ததுபோல 'டப்' என்று ஒரு சத்தம். நரம்பு ஓடியது மகனே, ஓடியது! நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். ஓடுகிற நரம்பை நிறுத்த உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன். நீ ரீல் வைத்திருந்தாலும் கேட்டுக்கொள்: நரம்பைக் கையில் சுற்றாதே, ஒருநாளும் சுற்றாதே. சுற்று இறுகிச் சதைக்குள் போயிற்று. நான் போட்ட அலறலில் கல்லில் இருந்த நாரையெல்லாம் எழுந்து பறந்தன. ட்யூப் மோதிரம் எங்கே? என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

அதற்குள் அண்ணன் வத்தையில் கிடந்த கத்தியைக் கையில் எடுத்துவிட்டார். நரம்பை ஒரு வெட்டு வெட்டினால் என் கை தப்பும், கொடுவா போய்விடும், மறுநாளிலிருந்து உன் அத்தை காலத்துக்கும் கொடுவாக்காரி. அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தியைக் கீழே போட்டார். கழுத்தில் தொங்கிய மாலையைப் பிடித்து, முருகன் டாலர் முன்பக்கம் இல்லாதபடி முதுகுக்குத் தள்ளிவிட்டார். "முருகா, கொஞ்ச நேரம் அங்கிட்டுப் பாத்துக்கய்யா" என்று சொன்னார். எனக்குக் கேட்டது. பிறகு வெறும் விரலால், எனக்கு முன்னால் எட்டி, நரம்பைப் பிடித்தார்.

என் கை விடுபட்டது. அதற்குப் பிறகு நான் பார்த்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை; சொன்னபோதெல்லாம் அவர் இடத்தில் என்னை நிறுத்திச் சொன்னேன். அவர் இழுக்கவே இல்லை மகனே. மீன் ஓடியபோது விரலிடுக்கில் நரம்பை வழியவிட்டார், விட்டும் தொய்வு கொடுக்கவில்லை. மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து, சாயங்கால வெயிலில் வெள்ளித் தாம்பாளம் மாதிரி தலையை உதறியபோது, கையைத் தாழ்த்தி முன்னால் குனிந்து கொடுத்தார். கீழே விழுந்ததும் எடுத்தார். அது கல்லுக்குள் போகப் பார்த்தபோது மட்டும் பக்கவாட்டில் திருப்பினார். மூன்று தடவை தாவியது. மூன்று தடவையும் அவர் குனிந்தார். பார்ப்பதற்கு யாரையோ கும்பிடுகிற மாதிரி இருந்தது. நீ உன் கம்பை வைத்துக்கொண்டு செய்யவேண்டியதும் இதுதான்: தாவும்போது தாழ்த்து, விழுந்ததும் எடு. அரை மணி நேரத்தில் மீன் வத்தைக்குப் பக்கத்தில் சாய்ந்து மிதந்தது. அண்ணனின் ஆள்காட்டி விரல் எலும்புவரை அறுந்திருந்தது.

"நீ ஏத்துலே. நீயே அடி. நான் மீனைத் தொடமாட்டேன். நரம்பைத்தான் தொட்டிருக்கேன், பாத்துக்க" என்றார். ஒரு வக்கீல்கூட அப்படி வாதாடியிருக்கமாட்டான். கரைக்கு வரும்வரை துடுப்பை இடது கையால்தான் போட்டார். இறங்கும்போது சொன்னார்: "இதப் பிடிச்சது நீ. உன் மதினி இருக்கமட்டும் அப்படித்தான் இருக்கணும். நாளைக்கு ஒரு புள்ள பொறந்து அதுக்கு ஒரு சளி பிடிச்சாக்கூட, அவ இதத்தான் நெனச்சு அழுவா."

வீட்டில் மதினி எங்கள் இரண்டு பேர் கையிலும் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னது, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல கையில வெட்டு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார், "கருப்பட்டிச் சிப்பம் கட்டுன கயிறு அறுத்துட்டுளா." அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய். உன் அப்பாவின் ஆள்காட்டி விரல் ஏன் கோணலாக இருக்கிறது என்று நீ கேட்டபோதும் இதே கயிற்றைத்தானே சொன்னார்?

மறுநாள் விருந்தில் பெரியப்பா மீனைப் பிடித்து மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். இடுப்புக்குக்கூட வரவில்லை. "தோளுக்குன்னு சொன்னீரேவே?" என்றார். "மாப்பிள்ளைய உக்காரச் சொல்லுங்க அண்ணாச்சி, சாப்பிட வந்தவுக நின்னுக்கிட்டா இருப்பாக?" என்றேன். மாப்பிள்ளை பாயில் உட்கார்ந்தார். மீன் அவர் காதைத் தொட்டது. பெரியப்பா சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது, என் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்து, "கைன்னா இதுல்லாவே கை!" என்றார். கதவுக்குப் பின்னால் உன் அத்தை சிரித்தாள். வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த உன் அப்பாவும் சிரித்தார். அந்த மீனின் உண்மையான நீளம், அவர் முழத்தில், இரண்டு முழத்துக்கு நாலு விரல் குறைவு.

மாசியில் திருச்செந்தூருக்கு நடந்துவிட்டு வந்து மாலையைக் கழற்றினார். மீனை மட்டும் திரும்பத் தொடவில்லை. சாகும்வரை தொடவில்லை. மீன் வாடை பிடிக்காத மனுசன் என்று நீ கேலி செய்திருக்கிறாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். உனக்குப் பத்து வயதில், மூங்கில் கம்பில் தூண்டில் கட்டிக்கொண்டு கழி வாய்க்குப் போனாயே, அவர் தேடி வந்து கம்பை முறித்துப் போட்டு உன்னை அடித்தாரே, அவர் உன்மேல் கை வைத்தது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். நீ என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். ராத்திரி கடையடைக்கும்போது, "அன்னைக்குக் கடல்ல எடுத்தத கடலே திருப்பிக் கேட்டுருமோன்னு பயந்துட்டேம்லே" என்று அவர் சொன்னார். மறுநாள் காலையிலாவது நான் உன்னிடம் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். முழுதாக இல்லாவிட்டாலும், உன் அப்பனுக்குக் கடலைப் பிடிக்காமல் இல்லை என்று அந்த ஒரு வார்த்தை. சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது பாதிக் காரணம். சக்கரவர்த்திப் பட்டம் எனக்கு ருசித்துவிட்டது என்பது மீதி. நான்கு முழத்தை ஆறு முழமாக்கும்போதெல்லாம் அவர் பங்கில்தான் எடுத்து நீட்டினேன்.

போன தையில் உன் அம்மாவும் போய்விட்டாள். வாக்கு முடிந்தது. இனி அந்த மீன் உன் அப்பாவுடையது. உன் மகளிடம் அப்படியே சொல். அடுத்த வாரம் அவளையும் கழி வாய்க்குக் கூட்டிப்போ. அவள் விரலில் முதலில் ட்யூப் மோதிரம் மாட்டு, பிறகு நரம்பைக் கொடு.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து உன் அப்பா கையில் கொடுத்தாள். ஆணா பெண்ணா என்றுகூட அவர் கேட்கவில்லை. துணியை விலக்கி, அந்தக் கோணல் விரலால் உன் கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கால்விரல்களை எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, மதினிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"எல்லாம் சரியா இருக்குலே. அவரு அங்கிட்டுத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு."

இப்படிக்கு,
மீனே பிடிக்காத உன் சித்தப்பா